20-க்கும் 30-க்கும் நடுவில்: அமெரிக்க ராணுவத்தில் மெடிக்கல் டிஸ்சார்ஜும் டிடி 214 குறியீடுகளும்

அக்கா மகன் உடல்குறையால் அமெரிக்க ஆர்மியிலிருந்து வெளியே வந்தபோது கொடுத்த சான்றுத் தாள்தான் டிடி 214. வாட்ஸப்பில் அந்தத் தாளின் படம் போனதும் குடியாத்தத்திலிருந்து அக்காதான் முதலில் கூப்பிட்டாள். "4-னு போட்டிருக்கே, பெயிலாப்பா?" அடுத்து அக்கா வீட்டுக்காரர் போனை வாங்கினார். இந்திய ராணுவத்தில் பதினேழு வருஷம் இருந்து வந்தவர். "மொதல்ல 20 பர்சென்ட்னு சொன்னாங்களே, அதுவே பென்ஷனுக்குப் போதுமே. எதுக்கு ஹியரிங், வக்கீல்னு அலைஞ்சீங்க?"

இரண்டும் நியாயமான கேள்விகள். ஆனால் இரண்டு பேர் கணக்கும் தப்பு.

இந்திய ராணுவத்தில் பணியால் வந்த உடல்குறை 20 சதவீதம் இருந்தால் ஊன ஓய்வூதியத்துக்கு வழி உண்டு. வேலூர்ப் பக்கத்து ராணுவக் குடும்பங்களில் ஒருவர் 'போர்டு அவுட்' ஆகி, அதாவது மருத்துவ போர்டால் அனுப்பப்பட்டு, வந்தார் என்றால் அடுத்த கேள்வியே "எத்தனை பர்சென்ட்?" என்பதுதான். அங்கே வாசற்படி 20. அமெரிக்காவில் அந்த வாசற்படி 30-இல் இருக்கிறது. 20 என்று வந்தால் ஒரு மொத்தத் தொகையைக் கையில் கொடுத்து வழியனுப்பிவிடுவார்கள். ராணுவத்திடமிருந்து மாதப் பென்ஷன் கிடையாது. 4 என்பதும் மதிப்பெண் இல்லை. திரும்பப் படையில் சேரலாமா என்பதற்கான குறி. அதில் ஒரு வேடிக்கை என்னவென்றால், ஆர்மியில் 30-ஐ எட்டி ஓய்வு பெற்றவனுக்குத்தான் வழக்கமாக 4 விழும். 20-இல் நின்றவனுக்கு 3. அக்கா பயந்த எண், உண்மையில் அவள் மகன் கேட்டு வாங்கிய எண்.

அவன் மாவ்னி திட்டத்தில் சேர்ந்தவன். 2008-இன் கடைசியில் அனுமதிக்கப்பட்டு 2016 வரை ஆளெடுத்த திட்டம் அது. கிரீன் கார்டு இல்லாதவர்களையும், அவர்கள் அறிந்த மொழிக்காகவோ மருத்துவப் படிப்புக்காகவோ எடுத்தார்கள். அந்த மொழிப் பட்டியலில் தமிழும் இருந்தது. எம்.எஸ். முடித்துவிட்டு விசாவுக்காகத் தவித்துக்கொண்டிருந்த நம் பையன்கள் சிலர் அப்படி ஆர்மிக்குள் போனார்கள். இவன் வண்டி மெக்கானிக் பிரிவு. ஆறு வருஷம் கனரக டயரும் டிரான்ஸ்மிஷனும் தூக்கியதில் இடுப்புத் தட்டு விலகியது. மெடிக்கல் போர்டுக்கு அனுப்பினார்கள். சான் அன்டோனியோவிலிருந்து கில்லீனுக்கு நான் வாராவாரம் வண்டி ஓட்டியது அப்போதுதான். அவன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் ஃபைலை விரித்து, எதை ஏற்பது, எதை எதிர்ப்பது என்று உட்கார்ந்து எழுதிப் பார்த்தோம். இன்னொரு வீட்டு மேசையில் இதே தாள்கள் விரிந்திருக்கலாம் என்பதால் எழுதுகிறேன்.

முதலில் தாளைப் படிக்கக் கற்றுக்கொள்வோம். டிடி 214-இல் பதற வேண்டிய, பதற வேண்டாத கட்டங்கள் நான்கு. 24-ஆவது கட்டத்தில் சேவையின் தன்மை இருக்கும்: ஹானரபிள் (மரியாதையான சேவை) என்றோ வேறு விதமாகவோ. 26-இல் மூன்றெழுத்துப் பிரிவுக் குறியீடு. 27-இல் மறுசேர்க்கைக் குறியீடு. பேச்சில் ஆர்இ கோடு. 28-இல் ஏன் வெளியே வந்தார் என்பது ஒரே வரியில். எல்லாருடைய கண்ணும் 27-இல்தான் போய் நிற்கிறது. ஆனால் 27-ஐ யாரும் ஆளைப் பார்த்து யோசித்துப் போடுவதில்லை. ஆர்மியில் 26-இல் என்ன எழுத்து விழுகிறதோ, அதற்கு நேரே அட்டவணையில் இருக்கும் எண் 27-இல் வந்து உட்காருகிறது. ஆகவே 27-ஐ மாற்றப் போராடுவது வாலைப் பிடித்து மாட்டைத் திருப்புகிற வேலை. திருப்ப வேண்டிய இடம் அதற்கு முன்னால், மருத்துவ முடிவு எடுக்கப்படும் இடத்தில் இருக்கிறது.

அந்த மூன்றெழுத்துகளில் முதல் எழுத்து வெளியேறிய விதத்தைச் சொல்லும். ஜே என்றால் கட்டாய டிஸ்சார்ஜ், எஸ் என்றால் கட்டாய ஓய்வு. ஜேஎஃப்எல் என்றால் உடல்குறைக்காக மொத்தத் தொகை கொடுத்து அனுப்பியது. எஸ்எஃப்ஜே நிரந்தர ஓய்வு. எஸ்எஃப்கே தற்காலிக ஓய்வு. ஜேஎஃப்எம் என்றால் படையில் சேரும் முன்பே இருந்த குறை என்று முடிவு கட்டியது. ஜேஎஃப்வி என்றால் 'ஒரு நிலைமைதான், உடல்குறை அல்ல' என்று நிர்வாக ரீதியில் அனுப்பியது. இந்தக் கடைசி இரண்டும் பார்க்கச் சாதுவாக இருக்கும், பிறகு வருகிறேன். எஸ்இஜே போல நடுவில் இ வந்து, காரண வரியின் கடைசியில் 'என்ஹான்ஸ்டு' என்று ஒரு சொல் ஒட்டியிருந்தால் மிரள வேண்டாம். ராணுவமும் முன்னாள் படையினர் துறையான விஏவும் சேர்ந்து நடத்தும் ஒருங்கிணைந்த முறையில் வழக்கு முடிந்தது என்பதன் அடையாளம் அது.

எண்களும் படைக்குப் படை மாறும். ஆர்மியில் 1 என்றால் தடையில்லை, 3 என்றால் தடை உண்டு ஆனால் விலக்குக் கேட்கலாம், 4 என்றால் விலக்கும் கிடையாது. நேவியிலும் மரீன் படையிலும் எண்ணோடு எழுத்தும் வரும். உடல்நிலைக் காரணத்துக்கு வழக்கமாகப் பார்ப்பது 3பி (3P). ஏர்ஃபோர்ஸில் மருத்துவக் காரணத்தால் ஓய்வோ டிஸ்சார்ஜோ பெற்றவருக்கு 2க்யூ. ஆகவே ஏர்ஃபோர்ஸ் நண்பனின் 2-ஐப் பார்த்துவிட்டு "எனக்கு மட்டும் ஏன் 4?" என்று கேட்பதில் அர்த்தமில்லை.

சரி, முக்கியமான இடத்துக்கு வருவோம்: 20-ஆ, 30-ஆ?

மருத்துவ மதிப்பீட்டு போர்டு, 'இவர் நிலைத்திருக்கும் தகுதியை எட்டவில்லை' என்று ஃபைலை மேலே அனுப்பும். அடுத்த போர்டு, பிஇபி என்று எல்லாரும் சொல்வது, இரண்டு கேள்விகளுக்குப் பதில் சொல்லும். இவர் தன் வேலையைச் செய்யத் தகுதியானவரா? இல்லை என்றால், தகுதியைக் கெடுத்த குறைக்கு எத்தனை சதவீதம்? சதவீதத்தைக் கணக்கிடுவது விஏ. 2007-இல் வால்டர் ரீட் மருத்துவமனையில் காயம்பட்ட வீரர்கள் நடத்தப்பட்ட விதம் பத்திரிகையில் வெளியாகி நாடே கொதித்த பிறகு வந்த ஏற்பாடு இது. இரண்டு துறையும் தனித்தனியே ஆளைச் சோதித்துத் தனித்தனி எண் கொடுத்துக்கொண்டிருந்ததை ஒன்றாக்கினார்கள்.

இருந்தாலும் தாளில் இரண்டு எண்கள் வரும். இங்கேதான் முக்கால்வாசிப் பேர் குழம்புகிறார்கள். விஏ உடம்பில் பணியால் வந்த எல்லாவற்றையும் எண்ணும்: முதுகு, முழங்கால், காதில் இரைச்சல், தூக்கத்தில் மூச்சுத் திணறல், எல்லாம். ராணுவமோ வேலை பார்க்க விடாமல் செய்த குறையை மட்டும் எண்ணும். எங்கள் பையனுக்கு முதலில் வந்த தாளில் விஏவின் மொத்தம் 60, ராணுவத்தின் எண் 20. அவன் 60-ஐப் பார்த்துச் சந்தோஷப்பட்டு அப்படியே கையெழுத்துப் போடப் போனான்.

அவனை உட்காரவைத்து இரண்டு வழிகளையும் டாலரில் எழுதினோம். கணக்குக்கு வசதியாக அடிப்படைச் சம்பளம் மாதம் 3,500 டாலர் என்று வைத்துக்கொள்ளுங்கள், சேவை ஆறு வருஷம். 30-க்குக் கீழே என்றால் தொகை: இரண்டு மாதச் சம்பளம், பெருக்கல் சேவை வருஷங்கள். 7,000 பெருக்கல் ஆறு, 42,000 டாலர். வருஷக் கணக்குக்குக் கீழ்வரம்பு மூன்று, போர்ப் பகுதியில் பட்ட குறைக்கு ஆறு, மேல்வரம்பு 19. 30 வந்தால் நிரந்தர ஓய்வு, சம்பளத்தில் 30 சதவீதம்: மாதம் 1,050. உண்மையில் கடைசிச் சம்பளத்தை எடுக்காமல் அதிகமாக வாங்கிய மூன்று வருஷத்தின் சராசரியை எடுப்பார்கள், அதனால் சற்றுக் குறையும். மேலோட்டமாகப் பார்த்தால் நாற்பது மாதத்தில் இரண்டும் சமம், அதற்கப்புறம் ஓய்வுதான் லாபம். இப்படித்தான் நாங்களும் முதல் நாள் ராத்திரி கணக்குப் போட்டோம். தப்பு.

ஏன் தப்பு? இரண்டு பக்கத்திலும் விஏ கை வைக்கும். ஓய்வு ஊதியம் வாங்குகிறவர் விஏ இழப்பீடும் வாங்கினால், விஏ கொடுக்கும் அளவுக்கு ராணுவ ஊதியத்தில் டாலருக்கு டாலர் கழித்துவிடுவார்கள். இருபது வருஷம் முடிக்காமல் மருத்துவ ஓய்வு பெற்றவருக்கு இரண்டையும் சேர்த்து வாங்கும் சலுகை கிடையாது. போர் தொடர்பான குறையாக இருந்தால் சிஆர்எஸ்சி என்ற தனிப் படி கேட்கலாம், அவ்வளவுதான். எங்கள் பையனுக்கு விஏவின் 60 சதவீதத்துக்கு 1,050-ஐவிட அதிகம் வரும். ஆக ராணுவப் பென்ஷன் என்று கைக்கு வருவது பூஜ்யம். மறுபக்கம், மொத்தத் தொகை வாங்கியவருக்கு, அந்தத் தொகை எந்தக் குறைக்காகக் கொடுக்கப்பட்டதோ அந்தக் குறைக்கான விஏ பணத்தை, 42,000 அடையும் வரை மாதாமாதம் நிறுத்திவைப்பார்கள். போர்ப் பகுதியில் பட்ட காயத்துக்கு மட்டும் இந்தப் பிடித்தம் இல்லை. அதாவது அந்தத் தொகை பெரும்பாலோருக்கு வட்டியில்லாக் கைமாற்று. கொடுத்தது போலக் கொடுத்துத் திருப்பி எடுத்துக்கொள்வார்கள்.

பணத்தை இரண்டு பக்கமும் அடித்துவிட்டால் மிச்சம் என்ன? ஓய்வு பெற்றவருக்கும் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் ட்ரைகேர் மருத்துவக் காப்பீடு, ஓய்வு பெற்ற படைவீரர் என்ற அடையாள அட்டை. 20-இல் போனவருக்கு இது எதுவும் நிலையாக இல்லை. அவருக்கு விஏ மருத்துவமனை உண்டு, ஆனால் அது அவருக்கு மட்டும். விஏ நிரந்தர, முழு 100 சதவீதம் கொடுத்தால் குடும்பத்துக்குச் சாம்ப்விஏ என்று ஒரு வழி உண்டு, 60-க்கு இல்லை. அமெரிக்காவில் குடும்பக் காப்பீட்டுக்குச் சொந்தக் காசு கட்டிப் பார்த்தவர்களுக்கு நான் இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை. அவன் மனைவிக்கு அப்போது ஐந்தாம் மாதம்.

ஆகவே 20-க்கும் 30-க்கும் நடுவில் இருப்பது பென்ஷன் இல்லை, குடும்பத்தின் மருத்துவச் செலவு. இதற்கு எதிர்த்தட்டில் இருப்பது ஆர்இ 3 என்ற பாதி திறந்த கதவு. "எனக்கு முதுகு சரியானா திரும்பப் போகணும் மாமா, 4 வாங்கினா முடிஞ்சுபோச்சு" என்றான். அந்த வயதில் அது பெரிய விஷயம், நான் சிரிக்கவில்லை. ஆனால் அந்தக் கதவு எவ்வளவு திறந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

ஆர்இ 3-ஓடு திரும்பப் போவதென்றால், முதலில் ஒரு ரிக்ரூட்டர், அதாவது படைக்கு ஆளெடுப்பவர், நம் ஃபைலைத் தொட ஒப்புக்கொள்ள வேண்டும். புத்தம் புதிய பதினெட்டு வயதுப் பையன் வரிசையில் நிற்கும்போது அவருக்கு இந்த வேலை எதற்கு? சம்மதித்தாலும் பழைய மருத்துவ ஃபைல் மொத்தமும் மெப்ஸ் என்ற சேர்ப்பு மையத்துக்குப் போகும். புதிதாகச் சேர்கிறவருக்கான மருத்துவத் தகுதி விதி அங்கே நமக்கும் பொருந்தும். அப்புறம் அந்தப் படையின் மருத்துவ விலக்கு அதிகாரி முடிவு சொல்வார். எந்தக் குறைக்காக அதே படை 'இவரால் முடியாது' என்று எழுதிக் கொடுத்ததோ, அது முழுக்கச் சரியாகிவிட்டது என்று நாம் காட்ட வேண்டும். எலும்பு முறிந்து கூடியது போன்ற விஷயங்களில் இது நடக்கலாம். தேய்ந்த முதுகுத் தட்டுக்கு நான் பந்தயம் கட்ட மாட்டேன். இதில் ஒரு சங்கடமும் இருக்கிறது: விஏவிடம் மாதாமாதம் "குனிய முடியவில்லை" என்று பணம் வாங்கிக்கொண்டு, ரிக்ரூட்டரிடம் "முதுகு கல்லு மாதிரி இருக்கு" என்று சொல்ல முடியாது. விஏ ரேட்டிங் இருந்தாலே சேர முடியாது என்று விதி இல்லை. ஆனால் சேர்ந்தால் பணிச் சம்பளம் வாங்கும் நாட்களுக்கு விஏ பணம் நிற்கும், விஏவுக்கு உண்மையையும் சொல்லியாக வேண்டும்.

என் தீர்ப்பு இதுதான்: நிஜமாகவே 30-க்குத் தகுதி இருக்கும்போது, ஆர்இ 3-க்காக 20-இல் நிற்பது நஷ்ட வியாபாரம். நிச்சயமான காப்பீட்டைக் கொடுத்து, அநேகமாகத் திறக்காத கதவை வாங்குவது. விதிவிலக்கு உண்டு. தனி ஆள், குடும்பம் இல்லை, நல்ல கம்பெனிக் காப்பீட்டோடு வேலை தயாராக இருக்கிறது, குறையும் ஆறக்கூடியது என்றால் 20-ஐ ஏற்றுக்கொண்டு நகர்வதில் தப்பில்லை. ஹியரிங் என்று போனால் மாதங்கள் ஓடும். எண் ஏறும் என்று உத்தரவாதமும் இல்லை.

எங்கள் விஷயத்தில் எண் எப்படி ஏறியது என்பதைக் கொஞ்சம் நெருக்கமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதைப் பலர் கவனிப்பதில்லை. இடுப்பு முதுகுக்குச் சதவீதம் போடுவது குனியும் கோணத்தை வைத்து. கோனியோமீட்டர் என்ற இரட்டைக் கை அளவுகோலை முதுகில் பிடித்து, எத்தனை டிகிரி குனிகிறார் என்று அளப்பார்கள். முன்பக்கம் 30-க்கு மேல், 60-க்குள் என்றால் 20 சதவீதம். 30 டிகிரிக்கு மேல் குனியவே முடியாவிட்டால் 40. எங்கள் ஆள் பரிசோதனை நாளில் நல்ல பிள்ளையாகப் பல்லைக் கடித்துக்கொண்டு குனிந்தான். வலி எந்த இடத்தில் ஆரம்பிக்கிறது என்று டாக்டரிடம் சொல்ல வேண்டும் என்பதே அவனுக்குத் தெரியவில்லை. நடிக்கச் சொல்லவில்லை, வீரம் காட்ட வேண்டாம் என்கிறேன்.

ஆனால் எங்களுக்கு உதவியது கோணம் இல்லை, கால். தட்டு நரம்பை அழுத்தி, இடது தொடையிலிருந்து பாதம் வரை மின்சாரம் பாய்ந்தது போல வலி. விஏ அதற்குத் தனியாக 10 கொடுத்திருந்தது. பிஇபி அதைத் தகுதியைக் கெடுத்த குறையாக எண்ணவில்லை. எப்படி எண்ணும்? 'சிக் கால்' எனப்படும் காலை மருத்துவப் பரிசோதனைக்குப் போனால் யூனிட்டில் பேர் கெடும் என்று இவன் காலைப் பற்றி ஃபைலில் ஏறும்படி வாயே திறந்ததில்லை. அந்தப் 10-ம் ராணுவக் கணக்கில் சேர்ந்தால் என்ன ஆகும்? விஏ கூட்டல் நம் பள்ளிக்கூடக் கூட்டல் இல்லை. 20 போனால் மிச்ச உடம்பு 80. அந்த 80-இல் 10 சதவீதம், 8. இருபதும் எட்டும் இருபத்தெட்டு. பக்கத்துப் பத்துக்கு முழுதாக்கினால் 30. ஒரே ஒரு 10 சதவீதக் குறையை உள்ளே கொண்டுவந்தால் வாசற்படி தாண்டியாயிற்று.

இதை எங்களுக்குக் காட்டியது ராணுவமே இலவசமாகத் தரும் வக்கீல். முதல் முடிவு வந்ததும் பதில் சொல்லக் கெடு நாட்களில்தான் இருக்கும், வாரக்கணக்கில் யோசிக்க முடியாது. அதனால் தாள் வருவதற்கு முன்பே அந்த வக்கீலைப் பார்த்துவிடுங்கள். பெப்லோ என்று ஒருவர் ஃபைலை நடத்துவார். அவர் வழிகாட்டி மட்டும், நம் பக்கம் வாதாடுகிறவர் இல்லை. அவர் அன்பாகப் பேசுவதால் அவரே போதும் என்று நினைத்துவிடுகிறார்கள். முறைப்படியான ஹியரிங்கில் கேட்கப்பட்டது ஒன்றே ஒன்று: இந்தக் கால் வலியால் மட்டுமே உன் வேலையில் எதைச் செய்ய முடியவில்லை? வண்டிக்கு அடியில் படுத்து எழுந்திருக்க முடியாதது, கிளட்சை மிதிக்கும்போது கால் மரத்துப்போவது, இதையெல்லாம் அவனுடைய சார்ஜென்ட் எழுத்தில் கொடுத்திருந்தார். டாக்டர் சீட்டைவிட அந்த ஒன்றரைப் பக்கம் அதிகம் பேசியது. இந்த ஹியரிங் வேறு, 'சதவீதம் குறைவு' என்று விஏவிடம் ஒரு முறை மறுபரிசீலனை கேட்பது வேறு. 'எண் தப்பு' என்றால் விஏவிடம். 'எண்ணப்பட வேண்டியது விட்டுப்போச்சு' என்றால் பிஇபியிடம். இரண்டையும் குழப்பினால் கெடு ஓடிவிடும்.

மற்ற வழிகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

தற்காலிக ஓய்வுப் பட்டியல்: குறை 30 அல்லது அதற்கு மேல், ஆனால் இன்னும் நிலைபெறவில்லை என்றால் இதில் போடுவார்கள். பட்டியலில் இருக்கும் வரை ஊதியம் குறைந்தது 50 சதவீதக் கணக்கில், ட்ரைகேரும் உண்டு. 2017-க்கு முன் ஐந்து வருஷம் வரை வைத்திருக்கலாம், இப்போது மூன்று. இடையில் மறுபரிசோதனைக்கு அழைப்பார்கள். திரும்பிப் போக உண்மையான ஆசை இருப்பவருக்கு நான் பார்த்ததில் உருப்படியான கதவு இதுதான். மறுபரிசோதனையில் தகுதியானவர் என்று வந்தால், அவர் சம்மதித்தால், படை திரும்ப எடுத்துக்கொள்ளச் சட்டத்திலேயே இடம் இருக்கிறது. ரிக்ரூட்டர் காலில் விழ வேண்டியதில்லை. ஆனால் வேண்டாம் என்று சொன்னால் பட்டியலிலிருந்து பேர் எடுக்கப்பட்டு ஊதியமும் நிற்கும். மறுபரிசோதனைக்குப் பிறகு சதவீதம் 30-க்குக் கீழே இறங்கினால் மொத்தத் தொகையோடு அனுப்புவதும் நடக்கும். அதனால் 'தற்காலிகம்' என்ற சொல்லைச் சொல்லுக்குச் சொல் நம்புங்கள், அதை வைத்து வீட்டுக் கடன் வாங்காதீர்கள்.

உள்ளேயே தங்குவது: ஆர்மியில் கோட் என்பார்கள். தகுதியில்லை என்று முடிவான பிறகும் பணியில் தொடர விண்ணப்பிக்கலாம். பதினைந்து வருஷத்துக்கு மேல், இருபதுக்குள் சேவை முடித்தவர், ஆள் பற்றாக்குறை உள்ள பிரிவில் இருப்பவர், போரில் காயம்பட்டவர் ஆகியோருக்கான வழி. பதினெட்டு வருஷம் முடித்தவர் இதைக் கேட்காமல் வெளியே வந்தால் அது பெரிய தவறு, ஏனென்றால் இருபதைத் தொட்டால் அவருடைய கணக்கே மாறிவிடும். ஆறு வருஷக்காரனுக்கு இதில் பெரிதாக ஒன்றும் இல்லை. நாங்கள் கேட்கவே இல்லை.

இப்போது அந்தச் சாதுவான இரண்டு குறியீடுகள். 'உடல்குறை அல்ல, ஒரு நிலைமை' என்று ஜேஎஃப்வி வழியாக வெளியே போவது வேகமாக முடியும். ஹானரபிள், ஆர்இ 3 என்று தாளும் அழகாக இருக்கும். வண்டியில் போனால் வாந்தி, தூக்கத்தில் நடப்பது போன்றவற்றுக்கான வழி இது. உண்மையான காயம் இருப்பவரும் "போர்டுன்னா மாசக்கணக்கு ஆகும், இதுல கையெழுத்துப் போட்டா அடுத்த மாசம் வீட்ல இருக்கலாம்" என்ற பேச்சைக் கேட்டு இதில் இறங்கிவிடுகிறார். ராணுவத்திடமிருந்து சதவீதமும் இல்லை, தொகையும் இல்லை. விஏவிடம் பிறகு விண்ணப்பிக்கலாம், ஆனால் ட்ரைகேர் வழி அடைந்துபோகும். காயம் இருந்தால் மெடிக்கல் போர்டுக்கு அனுப்பச் சொல்லி எழுத்தில் கேளுங்கள். ஜேஎஃப்எம், அதாவது 'வரும்போதே இருந்தது' என்பதையும் அப்படியே ஏற்க வேண்டாம். சேரும்போது மருத்துவச் சோதனையில் பதிவாகாத குறை பணியில்தான் வந்தது என்பதுதான் தொடக்க அனுமானம். மறுக்கும் பொறுப்பு அவர்களுடையது. எட்டு வருஷத் தொடர்பணி முடித்தவருக்குப் பாதுகாப்பு இன்னும் கூடுதல். பயிற்சியின் முதல் மாதங்களிலேயே பழைய ஆஸ்துமா வெளிப்பட்டு, ஜேஎஃப்டபிள்யூ-வில், அதாவது 'சேர்வதற்கான மருத்துவத் தகுதியே இல்லை' என்ற குறியீட்டில், வீட்டுக்கு வரும் பையன்கள் கதை வேறு. அங்கே சண்டை போட அதிகம் இல்லை. அதற்கு விழும் ஆர்இ 3-க்கு விலக்குக் கேட்டுச் சேர்ந்தவர்களும் உண்டு.

மாவ்னியில் வந்தவர்கள் எல்லாரும் ரகசியமாகக் கேட்கும் கேள்வி: "பாதியில் வெளியே வந்தால் சிட்டிசன்ஷிப் போய்விடுமா?" படைச் சேவையால் பெற்ற குடியுரிமையைப் பறிக்கச் சட்டத்தில் ஒரு விதி இருப்பது உண்மை. ஐந்து வருஷம் மரியாதையான சேவை முடிக்கும் முன், மரியாதைக் குறைவான நிலையில் வெளியேற்றப்பட்டவருக்கானது அது. பார்க்க வேண்டிய கட்டம் 24, 27 இல்லை. அங்கே ஹானரபிள் இருந்தால் முதுகுக்காக வந்தாலும் காலுக்காக வந்தாலும் அந்த விதி தொடாது. ஆர்இ 4-ஐப் பார்த்துக் குடியுரிமைக்குப் பயந்த இரண்டு பேரை எனக்கே தெரியும்.

தாள் ஏற்கெனவே கையில் வந்துவிட்டவர்களுக்கு: 4-ஐ 3 ஆக்க மட்டும் பதிவுத் திருத்த போர்டுக்கு டிடி 149 படிவம் போடுவது பெரும்பாலும் வீண். 26-இல் உள்ள எழுத்து சரியென்றால் 27-இல் உள்ள எண்ணும் சரி என்று சொல்லிவிடுவார்கள். சதவீதமே தப்பு, விட்டுப்போன குறை உண்டு, காயத்தை ஆளுமைக் கோளாறு என்று எழுதிவிட்டார்கள் என்றால் போடுங்கள். அதில் பொருள் இருக்கிறது. தவறு தெரியவந்து மூன்று வருஷத்துக்குள் போட வேண்டும். நியாயம் இருந்தால் தாமதத்தை மன்னிக்கவும் செய்கிறார்கள். டிடி 293 போடும் மறுஆய்வு போர்டு வேறு. அது சேவையின் தன்மையை உயர்த்துவதற்கு. காரணத்தை உடல்குறை என்று மாற்ற அதற்கு அதிகாரமில்லை. பெயர், தேதி போன்ற எழுத்துப் பிழைகளுக்கு டிடி 215 என்ற திருத்தத் தாள் வரும்.

வேலை தேடும்போது? டிடி 214-இல் சுருக்கப் பிரதி, முழுப் பிரதி என்று இரண்டு உண்டு. சுருக்கப் பிரதியில் இந்தக் குறியீடுகள் எதுவும் இருக்காது. 'மெம்பர் 4' என்ற முழுப் பிரதியில்தான் இருக்கும், கூட்டரசு வேலையில் முன்னாள் படைவீரர் முன்னுரிமை கேட்கும்போது அதைத்தான் கேட்பார்கள். சாதாரணக் கம்பெனிக்காரர் 27-ஆவது கட்டத்தைப் படிக்கத் தெரிந்தவராக இருப்பதே அபூர்வம். எங்கள் பையன் இப்போது பேருந்துக் கழகம் ஒன்றில் பராமரிப்புத் திட்டமிடும் மேசை வேலையில் இருக்கிறான், நேர்முகத்தில் அவனிடம் கேட்டது "எவ்வளவு சீக்கிரம் சேர முடியும்?" என்பது மட்டும்.

அக்காவுக்கு அன்று போனில் இவ்வளவும் சொல்லவில்லை. "4-ன்னா பெயில் இல்லக்கா, இனிமே அவனைக் கூப்பிட மாட்டாங்கன்னு அர்த்தம்" என்றேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. அப்புறம், "அப்ப நல்லதுதானேப்பா," என்றாள்.